தொட்டுப் பார்க்கும் வரலாறு: பாகூர், வில்லியனூர் பக்கம் ஐந்து நாள் கோடை முகாம் போடலாமா?

மே மாதம் பிறந்துவிட்டால், புதுச்சேரிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றி வரும். "பிள்ளையை இந்த வருஷம் எந்த சம்மர் கேம்ப்ல சேர்க்கலாம்?" நீச்சல், கராத்தே, கீபோர்டு, ஓவியம், கோடிங் என்று பட்டியல் நீளும். அதில் வரலாறு வருவது அபூர்வம். "அதான் வருஷம் முழுக்க ஸ்கூல்ல படிக்கிறாங்களே, லீவுலயுமா?" என்று கேட்டுவிடுவார்கள்.

ஆனால், மனப்பாடம் செய்கிற வரலாறு வேறு, கையால் செய்து பார்க்கிற வரலாறு வேறு. இந்த வித்தியாசத்தை அருங்காட்சியகங்கள் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டன. 1851-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் கோடை விடுமுறையில் மாணவர்களுக்குப் பயிற்சி முகாம்களை நடத்துகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவில் பானை வனைவது, கூடை முடைவது, கோலம் போடுவது என்று குழந்தைகள் கையை அழுக்காக்கிக்கொண்டே கற்றுக்கொள்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று "தொடாதே" என்ற பலகையைப் படித்துவிட்டு வருவதைவிட, இப்படிக் கற்பது மனதில் தங்கும்.

இதற்காகப் புதுச்சேரிப் பிள்ளைகள் சென்னை வரை போக வேண்டியதில்லை. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களையும் பக்கத்து ஊர்களையும் சேர்த்தால், ஒரு முழு முகாமுக்கான பொருள் பேருந்து தூரத்திலேயே கிடக்கிறது. பள்ளிகளும் இளைஞர் மன்றங்களும் நினைத்தால் ஐந்து நாள்களில் நடத்திவிடலாம். யாரும் நடத்தாவிட்டால், நான்கு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பெற்றோர்களே நடத்தலாம். அதற்கான வழி இதோ.

முதல் நாள்: பாகூர் கல்லெழுத்து

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், வயலும் தென்னையுமாக இருக்கிறது பாகூர். இந்த ஊரில் 9-ஆம் நூற்றாண்டிலேயே ஓர் உயர்கல்விக் கூடம் இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாய் அந்தக் கல்விக் கூடத்துக்கு எழுதிவைக்கப்பட்டது. அதைச் சொல்பவை ஐந்து செப்பேடுகள். வடமொழியிலும் தமிழிலும் வெட்டி, வளையத்தில் கோத்து, முத்திரை வைத்தவை.

அந்தச் செப்பேடுகள் இப்போது பாகூரில் இல்லை. புதுச்சேரியிலும் இல்லை. 1879-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் கண்ணில் பட்டு, கடல் கடந்து பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தங்கள் ஊரின் முதல் கல்லூரிக்கான சாசனத்தைப் பாகூர்ப் பிள்ளைகள் படத்தில்தான் பார்க்க முடியும்.

ஆனால் கல்லை யாராலும் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. பாகூர் மூலநாதர் கோயிலின் சுவர்களிலும் அடித்தளத்திலும் எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளோடு, ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகளும் இங்கே உண்டு. தமிழ்க் கல்வெட்டுகள் அவனைக் 'கன்னரதேவன்' என்று அழைக்கும். தக்காணத்திலிருந்து படையெடுத்து வந்து, 949-ல் தக்கோலத்தில் சோழர்களைத் தோற்கடித்தவன் அவன். அந்தப் போருக்குப் பிறகு இந்தப் பகுதி யார் கையில் இருந்தது என்பதை, புத்தகத்தைத் திறக்காமல் கோயில் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முகாமின் முதல் வேலை, எழுத்தைத் தேடுவது. தாள், பென்சிலோடு பிள்ளைகளைச் சுவர் அருகே உட்கார வையுங்கள். இன்றைய தமிழ் எழுத்தைப் போலவே இருக்கும் எழுத்துகள் எவை, கொஞ்சம் மாறியவை எவை, அடையாளமே தெரியாதவை எவை என்று மூன்று பட்டியல் போடச் சொல்லுங்கள். பழைய கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, நெடில் குறில் வேறுபாடும் தெளிவாக இருக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். அரை மணி நேரத்தில் ட, ப, ம, ய என்று விரல் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

தொல்லியல் துறையினர் கல்வெட்டை மைப்படி எடுப்பார்கள். கல்லைச் சுத்தம் செய்து, ஈரத் தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். ஈரம் கொஞ்சம் காய்ந்ததும் மையை ஒற்றி எடுப்பார்கள். மேடான இடமெல்லாம் கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். கோயில் சுவரில் இதை நாம் செய்யக் கூடாது, அனுமதி பெற்றவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. பதிலாக, ஒரு 5 ரூபாய்க் காசின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கச் சொல்லுங்கள். மைப்படிக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்.

பாகூரில் சொல்ல வேண்டிய இன்னொரு பெயர், புலவர் சு.குப்புசாமி. இதே ஊர்க்காரர். புதுச்சேரி மாநிலத்தின் கல்வெட்டுகளைத் தேடித் தேடித் தொகுத்தவர். அந்தத் தொகுப்பின் முதல் பகுதியை, கோ.விஜயவேணுகோபாலைப் பதிப்பாசிரியராகக் கொண்டு புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 2006-ல் வெளியிட்டன. செப்பேட்டை எடுத்துச் சென்றவரின் கதையோடு, கல்வெட்டைப் படித்து ஊருக்குக் கொடுத்தவரின் கதையையும் பிள்ளைகள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.

இரண்டாம் நாள்: ஏரிக்கரை நடை

புதுச்சேரிப் பகுதியின் மிகப் பெரிய ஏரி ஊசுடு. அடுத்தது பாகூர் ஏரி. தென்பெண்ணை ஆற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது.

ஏரியைப் பார்த்து "எவ்ளோ பெரிசு!" என்று சொல்லிவிட்டுத் திரும்பாமல், அது எப்படி வேலை செய்கிறது என்று வரையச் சொல்வதுதான் இந்த நாளின் பயிற்சி. தண்ணீர் எங்கிருந்து உள்ளே வருகிறது? எந்த மதகு வழியாக வயலுக்குப் போகிறது? ஏரி நிரம்பினால் உபரி நீர் எங்கே வழியும்? கரையில் எந்தப் பக்கம் கல் பதித்திருக்கிறார்கள், ஏன்? கரையில் பார்க்கும் விவசாயிகளிடம் கேட்டால் மடை, கலிங்கு, வரத்து வாய்க்கால் என்று சொற்கள் வந்து விழும். அவற்றையெல்லாம் படத்தில் குறிக்க வேண்டும். மாலையில் எல்லா வரைபடங்களையும் தரையில் பரப்பி ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால், யார் எதைக் கவனிக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

சிங்காரி, பங்காரி என்ற இரண்டு ஆடல் மகளிர்தான் தங்கள் செல்வத்தைக் கொடுத்து இங்கே நீர்வழி அமைத்தார்கள் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். பங்காரு வாய்க்காலுக்குப் பெயர் வந்த காரணமாகவும் அதையே சொல்வார்கள். ஒரே கதையை இரண்டு தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது? வாய்மொழிக் கதைக்கும் கல்வெட்டுச் சான்றுக்கும் என்ன வித்தியாசம்? ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட இதைப் பேசும். இரண்டில் எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டையும் எப்படிக் கையாள்வது என்று தெரிந்தாலே போதும்.

இதே பாகூர் வட்டாரத்தில்தான் 1752 செப்டம்பரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் மோதினார்கள். ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் படை வென்றது, கெர்ஜான் தலைமையிலான பிரெஞ்சுப் படை தோற்றது. ஐரோப்பியப் புத்தகங்களில் பாகூர் என்ற பெயர் இடம்பெற்றிருப்பதற்கு அந்த ஒருநாள் சண்டையும் ஒரு காரணம்.

மூன்றாம் நாள்: வில்லியனூர் களிமண்

புதுச்சேரிக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் வில்லியனூரின் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. புதுச்சேரிக்குப் பெருமை சேர்த்த இன்னொரு கைவினையான திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் அதே அங்கீகாரம் உண்டு. சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, இந்த மண்ணின் பெயர் டெல்லி வரை போனது.

களிமண் நாள் பிள்ளைகளுக்குத் திருவிழா. ஆனால் விளையாட்டோடு ஒரு கேள்வியையும் வைத்துக்கொள்ளுங்கள். பானை ஏன் உடைகிறது? மணல் கலக்காத மண், நன்றாகப் பிசையாத மண், வெயிலில் அவசரமாகக் காயவைத்த மண், ஒரு பக்கம் தடித்த மண் என்று நான்கு விதமாகச் சின்னக் கிண்ணங்கள் செய்து, காய்ந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விரிசல் விட்ட கிண்ணத்தைப் பார்த்து அழும் பிள்ளையிடம், குயவர்களும் இப்படித்தான் கற்றிருப்பார்கள் என்று சொல்லலாம். தொல்லியலாளர்கள் ஏன் உடைந்த பானை ஓட்டைத் தங்கம்போலப் பாதுகாக்கிறார்கள் என்பதும் இங்கேதான் புரியும். தங்கத்தை உருக்கி வேறு நகை செய்துவிடலாம். சுட்ட ஓட்டை எதுவும் செய்ய முடியாது. அது 2,000 ஆண்டுகள் ஆனாலும் மண்ணுக்குள் அப்படியே கிடக்கும்.

வில்லியனூருக்கு வைகாசியில் போனால் இன்னொரு காட்சியும் கிடைக்கும். திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாகத் தொடர்கிறது. ஆட்சி மாறினாலும் தேர் வடத்துக்கு ஆள் மாறிக்கொண்டே வருகிறார்கள். இதே ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த லூர்து மாதா ஆலயமும் இருக்கிறது. இரண்டு வளாகங்களிலும் குளம் உண்டு. இரண்டையும் வரையச் சொல்லி ஒப்பிடுவது நல்ல மாலை நேரப் பயிற்சி.

நான்காம் நாள்: கீழூரில் 178 ஓட்டு

"இந்தியாவுக்கு எப்போது சுதந்திரம் கிடைத்தது?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் 1947 என்பார்கள். புதுச்சேரிக்கு? இங்கேதான் தயங்குவார்கள். பதில், வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் கீழூர் என்ற சின்னக் கிராமத்தில் இருக்கிறது.

1954 அக்டோபர் 18 அன்று, புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கீழூரில் கூடினார்கள். இந்தியாவோடு இணைவதா, வேண்டாமா என்பதே கேள்வி. இணையலாம் என்று 170 பேரும், வேண்டாம் என்று 8 பேரும் வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு முழுமையடைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகிறார்கள்.

இதை நடித்துப் பார்ப்பதுதான் நான்காம் நாள் வேலை. ஓர் அட்டைப்பெட்டியை ஓட்டுப்பெட்டியாக்கி, 178 சீட்டுகளை வெட்டுங்கள். 170 சீட்டில் 'ஆம்', 8 சீட்டில் 'இல்லை' என்று எழுதிப் போட்டுக் கலக்கி, பிள்ளைகளையே எண்ண விடுங்கள். எண்ணி முடித்ததும் கேள்விகள் தானாக வரும். "ஏன் 178 பேர் மட்டும்? எங்க தாத்தா ஓட்டுப் போட்டாரா?" வாக்களித்தவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள், பொதுமக்கள் எல்லோரும் அல்ல. அது போதுமா, எல்லோரையும் கேட்டிருக்க வேண்டுமா என்று இரண்டு அணியாகப் பிரிந்து பேசட்டும். 'இல்லை' என்ற 8 பேர் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஓர் அணி யோசிக்கட்டும். தோற்ற தரப்பின் மனதையும் யோசித்துப் பார்ப்பது வரலாறு கற்றுத்தரும் பாடங்களில் ஒன்று.

ஐந்தாம் நாள்: அரிக்கமேடு

கடைசி நாளுக்குக் கொஞ்சம் கொம்யூன் எல்லையைத் தாண்ட வேண்டும். அரியாங்குப்பம் பக்கம், ஆற்றங்கரைத் தோப்புக்குள் இருக்கிறது அரிக்கமேடு. 1769-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டீல், மேகம் மறைத்ததால் ஏமாந்துபோனார். ஆனால், வீராம்பட்டினம் மக்கள் பூமியிலிருந்து பெரிய பெரிய பழங்காலச் செங்கற்களை எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். இந்த இடத்தைப் பற்றிய பழைய குறிப்புகளில் அது ஒன்று.

1937-ல் ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர், இந்தப் பகுதிச் சிறுவர்களிடம் பழங்கால மணிகளையும் கற்களையும் விலைக்கு வாங்கினார். மனிதத் தலை செதுக்கிய ஒரு கல்லும் கிடைத்தது. அது ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் என்று அவர் கருதினார். 1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்டிமர் வீலர், எழும்பூர் அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் கைவிட்டபோது ரோமானிய மதுச்சாடியின் துண்டு சிக்கியது. அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தவர், 1945-ல் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார்.

அங்கே கிடைத்த சிவப்பு நிற மெருகுத் தட்டுகள் இத்தாலியின் அரெஸ்ஸோ பாணியில் ஆனவை. அவை எந்தக் காலத்தவை என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். அப்படியென்றால், அதே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளின் காலமும் தெரிந்துவிட்டது. தென்னிந்தியத் தொல்லியலில் பல ஊர்களின் காலத்தைக் கணிக்க அரிக்கமேடு ஓர் அளவுகோலானது இப்படித்தான். உட்புறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிக் கோடு ஓடும் ஒருவகைத் தட்டுகளை வெளிநாட்டிலிருந்து வந்தவை என்று வீலர் நினைத்தார். அவை இந்தியாவிலேயே செய்தவை என்று பிற்கால மண் ஆய்வுகள் காட்டின. பெரிய நிபுணரின் முடிவையும் சான்று மாற்றும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இதைக் கையால் உணர, ஒரு கண்ணாடித் தொட்டியோ பழைய பக்கெட்டோ போதும். அடியில் செம்மண், அதற்கு மேல் ஆற்று மணல், அதற்கும் மேல் தோட்டத்து மண். அடி அடுக்கில் சோழி, நடுவில் உடைந்த பானை ஓடு, மேலே பாட்டில் மூடி. ஸ்பூனும் பிரஷும் கொடுத்து, ஒவ்வோர் அடுக்காக எடுக்கச் சொல்லுங்கள். எதை எந்த ஆழத்தில் எடுத்தார்கள் என்று நோட்டில் எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் அவசரமாகத் தோண்டிய குழுவிடம், "சோழி பழசா, ஓடு பழசா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாது. பொருள் கையில் இருந்தும் கதை போய்விட்டது என்பது அப்போது புரியும்.

எடுக்கலாமா, கூடாதா?

முகாமில் கட்டாயம் பேச வேண்டியது இது. அரிக்கமேட்டில் மழைக்குப் பின் மணியோ ஓடோ மேலே தெரிவது உண்டு. "அப்பா, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கவா?" என்று பிள்ளை கேட்கும். கூடாது. அது பாதுகாக்கப்பட்ட இடம். தோண்டுவதும் பொருளை எடுத்துச் செல்வதும் சட்டப்படி குற்றம். சட்டத்தைவிடப் பிள்ளைக்குப் புரிகிற காரணம், பக்கெட் விளையாட்டில் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. இடத்தைவிட்டு எடுத்த மணி, வெறும் மணி.

மணி வேண்டும் என்று அடம்பிடித்தால், வீட்டிலேயே செய்யலாம். அரிக்கமேட்டின் சின்னக் கண்ணாடி மணிகளைக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி சூடாக்கி ஓரத்தை மழுங்கவைத்துச் செய்தார்கள். களிமண்ணை ஈர்க்குச்சியில் குழல்போல உருட்டி, நூலால் அறுத்துக் காயவைத்தால் அதே முறையில் ஒரு மாலையே கோத்துவிடலாம்.

அரிக்கமேட்டில் நிற்கும் செங்கல் சுவர்களின் முன்னால் "ரோமானியக் கட்டடம்" என்று செல்ஃபி எடுப்பவர்கள் நிறைய பேர். அது 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கிறிஸ்தவ மிஷன் கட்டடத்தின் மிச்சம். பழைய நகரத்தின் குழிகளை ஆய்வுக்குப் பிறகு மூடிவிட்டார்கள். அங்கே கிடைத்த பொருள்களைப் பார்க்க, பாரதி பூங்கா அருகிலுள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். காலையில் இடம், மதியம் பொருள் என்று வரிசைப்படுத்திக்கொண்டால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஓட்டுத் துண்டும் பிள்ளைகளிடம் பேச ஆரம்பித்துவிடும்.

இன்னொரு நாள் கிடைத்தால், சங்கராபரணி ஆற்றை ஒட்டி மேற்கே திருவக்கரைக்குப் போகலாம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன மரங்கள் அங்கே கிடக்கின்றன. சோழன், பல்லவன், ரோமானியன் எல்லோரும் நேற்று வந்தவர்கள் என்று தோன்றும்.

கிளம்பும் முன்...

* கோயில்களுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும், மே மாதக் கருங்கல் தரையில் வெறுங்காலை வைக்கவும் முடியாது.

* புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. குழுவாகப் போவதென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டால், கூட்டம் இல்லாத நேரத்தில் நின்று பார்க்கலாம்.

* கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு, மாவு, சாக்பீஸ், எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். எழுத்து தெரியவில்லையா? பக்கவாட்டில் டார்ச் அடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். மொபைல் வெளிச்சமே போதும்.

* ஏரிக்கரையில் பிள்ளைகள் பெரியவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீரில் இறங்க வேண்டாம்.

* ஒரு பிள்ளைக்கு ஒரு நோட்டு கட்டாயம். தேதி, இடம், பார்த்தது, யார் சொன்னது என்ற நான்கும் தினமும் எழுத வேண்டும்.

அந்த நோட்டுதான் முகாமின் உண்மையான சான்றிதழ். 1937-ல் மணியை விற்ற சிறுவர்களுக்குக் கொஞ்சம் சில்லறை கிடைத்தது, அவர்கள் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. இந்த மே மாதம் பாகூர் ஏரியின் மதகை வரைந்து, தாத்தா சொன்ன பங்காரி கதையை எழுதி, கீழே கையெழுத்துப் போடும் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பெயர் அந்த நோட்டில் இருக்கும். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், அதை ஊர் நூலகத்தில் ஒரு நாள் எல்லோரும் பார்க்க வைக்கச் சொல்லுங்கள்.